மொட்டைச் சுவரில் ஜன்னல் திறப்பது: கண்மயக்குச் சுவரோவியம் தீட்டும் முறை

பக்கத்துக் கட்டடம் இடிபட்டதால் வெளியே தெரியவந்த பக்கச்சுவர், ஜன்னலே வைக்காத கிடங்கின் முகப்பு, நான்கு மாடி உயரத்துக்கு வெறும் பூச்சோடு நிற்கும் படிக்கட்டுக் கூண்டு. இப்படிப்பட்ட இடங்களுக்குக் கண்மயக்கு ஓவியம் மிகப் பொருத்தமானது. தட்டையான சுவரில் ஜன்னலும் தூணும் மாடமும் நிஜமாகவே இருப்பதுபோலக் காட்டும் இந்த வகையை உலகெங்கும் ட்ராம்ப் லோய் என்ற பிரெஞ்சுப் பெயரால் அழைக்கிறார்கள். பிரான்ஸின் லியோன் நகரில் 1987-ல் தீட்டப்பட்ட முர் தே கானு இதில் பெரும்புகழ் பெற்றது. ஏறத்தாழ 1,200 சதுர மீட்டர் மொட்டைச் சுவர் அங்கே படிக்கட்டும் வீடுகளுமாக எழுந்து நிற்கிறது.

பார்ப்பவர் நம்புவதற்குக் காரணம் நுணுக்கமான வேலைப்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். அளவும் நிழலும் சரியாக இருந்தால் முரட்டுத் தூரிகையில் தீட்டிய ஜன்னலும் நிஜமாகத் தெரியும். அவை பிசகினால் மயிரிழைத் தூரிகையால் எவ்வளவு உழைத்தாலும் அது படமாகவே நிற்கும். அதனால் இந்தக் குறிப்பில் பெரும்பகுதி அளவுக்கும் நிழலுக்கும்தான்.

எவ்வளவு ஆழம் காட்டலாம்

முதல் முடிவு ஆழத்தைப் பற்றியது. ஆழம் கூடக்கூட, ஓவியம் சரியாகத் தெரியும் இடம் சுருங்கிக்கொண்டே போகும். ரோம் நகரின் சாந்த் இக்னாசியோ தேவாலயத்தில் அந்த்ரேயா பொட்ஸோ 1685-ல் தட்டையான துணியில் ஒரு குவிமாடம் தீட்டினார். தரையில் அதற்கென்று பதித்த அடையாளத்தில் நின்றால் அது முழுக்குவிமாடம். அங்கிருந்து விலகி நடந்தால் சாய்ந்து சரியத் தொடங்கும். தேவாலயத்துக்குள் ஆளை ஓரிடத்தில் நிற்கச் சொல்லலாம், தெருவில் முடியாது.

கணக்காகவே பார்ப்போம். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்பவர் 3 மீட்டர் பக்கவாட்டில் நகர்கிறார். 20 செ.மீ. குழிந்த ஜன்னலை வரைந்திருந்தால், அவர் கண்ணுக்கு வரவேண்டிய கோட்டுக்கும் சுவரில் நீங்கள் போட்ட கோட்டுக்கும் இடையே வெறும் 6 செ.மீ. வித்தியாசம் வரும், கண் அதைப் பொருட்படுத்தாது. 10 மீட்டர் நீளமுள்ள ஒரு நடைக்கூடத்தை வரைந்திருந்தால் அதே மூன்று மீட்டருக்கு வித்தியாசம் ஒன்றரை மீட்டர். நடைக்கூடம் முழுவதும் நடப்பவரோடு சேர்ந்து திரும்புவதுபோல ஆகிவிடும்.

ஆகவே தெருவைப் பார்த்த முகப்புக்கு 5 முதல் 30 செ.மீ. ஆழமே போதும். குழிந்த ஜன்னல், கதவுப் பலகை, சுவரோடு ஒட்டிய அரைத்தூண், கார்னிஸ் எனப்படும் நீட்டிய விளிம்புப் பட்டை, கல்வரிசை, சிறு மாடம் ஆகியவை எல்லாப் பக்கமிருந்தும் தாங்கும். தோட்டம், வீதி, கடற்கரை என்று ஆழமான காட்சி வேண்டுமென்றால் அதற்கு ஒரே ஒரு வளைவு வாசலை (ஆர்ச்) ஒதுக்குங்கள். சந்தின் கோடிச் சுவர்போல, ஆட்கள் ஒரே திசையிலிருந்து நேராக நடந்துவரும் இடமாக அது இருக்கட்டும்.

என்ன வரைவது என்று தேடுமுன் அந்தக் கட்டடத்தையே பாருங்கள். நியூயார்க்கின் சோஹோ பகுதியில், பிரின்ஸ் தெரு 112-ஆம் எண் கட்டடத்தின் பக்கச்சுவரில் ரிச்சர்ட் ஹாஸ் 1975-ல் செய்தது இதுதான். முகப்பில் இருந்த வார்ப்பிரும்புத் தூண்களையும் ஜன்னல்களையும் அதே வரிசையில் பக்கச்சுவருக்கும் நீட்டித் தீட்டினார். அந்தச் சுவரில் ஏற்கெனவே இருந்த இரண்டு நிஜ ஜன்னல்களும் தீட்டியவற்றுக்குள் கலந்துபோயின. மாடி உயரம், ஜன்னல் அகலம், சன்ஷேடின் தடிமன் எல்லாவற்றையும் இருக்கிற கட்டடத்திலிருந்து அளந்து எடுத்தால் ஓவியம் பாதி நம்பிக்கையை இலவசமாகப் பெறுகிறது. எங்கிருந்தோ எடுத்த அரண்மனை முகப்பை ஒட்டினால் அது விளம்பரப் பலகையாகத்தான் தெரியும்.

சில விஷயங்களை வரையவே வேண்டாம். பறக்கும் பறவை, ஓடும் குழந்தை, கொட்டும் தண்ணீர் எல்லாம் அடுத்த நிமிடமும் அங்கேயே நிற்பதால் காட்டிக்கொடுத்துவிடும். உட்கார்ந்து படிப்பவர், ஜன்னலோரம் முதுகு காட்டி நிற்பவர், தூங்கும் பூனை சரி. வண்டியோட்டிகளின் கண்மட்டத்தில் போலிச் சாலையோ சுரங்கவழியோ கூடாது. உண்மையான அவசர வழிக்குப் பக்கத்தில் போலிக் கதவும் கூடாது; புகை சூழ்ந்த நேரத்தில் எது நிஜம் என்று யாரும் தேடக்கூடாது.

நிற்கும் இடமும் கண்மட்டமும்

பெரும்பாலானோர் எங்கிருந்து சுவரைப் பார்க்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். பெரும்பாலும் எதிர்ப்பக்க நடைபாதையாக இருக்கும். அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் குறி போடுங்கள். வேலை முடியும்வரை தீர்ப்பு சொல்லும் இடம் அதுதான். சுவரின் உயரம் 10 மீட்டர் என்றால் குறியும் குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருப்பது நல்லது. அதைவிடக் கிட்டே போனால் மேல்மாடிகள் மிகச் செங்குத்தாகத் தெரியும், அளவுகள் கடுமையாகும்.

நிற்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.6 மீட்டரில் இருக்கும். குறிக்கு நேர் எதிரே சுவரில் அந்த உயரத்தில் ஓர் ஆணி அடியுங்கள். சுவருக்குள் நேராக உள்நோக்கிப் போகும் கோடுகள் அனைத்தும் இந்த ஆணியில் வந்து சேரும். ஆணியில் நூல் கட்டி இழுத்தால் எந்த விளிம்பின் சாய்வும் உடனே கிடைக்கும்.

கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் எதற்கும் அடிப்பக்கம் தெரியும், மேல்பக்கம் தெரியாது. மூன்றாம் மாடி ஜன்னலின் அடிக்கட்டைக்கு மேல்தளம் வரைந்து அதில் பூந்தொட்டியின் அடிப்பாகத்தை முழுசாக உட்காரவைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. தெருவில் நிற்பவருக்கு அந்தத் தளம் தெரியவே தெரியாது. தொட்டியின் அடிப்பாகமும் கட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

சுவர் 25, 30 மீட்டர் நீளமாக இருந்தால் இடவலத்துக்கு ஒரே ஆணியை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. கோடியில் இருக்கும் ஜன்னல்கள் அளவுக்கு மீறித் திரும்பிக்கொள்ளும். ஆட்கள் நடந்துகொண்டே பார்ப்பதால், 5, 6 மீட்டருக்கு ஒரு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ஆணி வைக்கலாம். ஆழம் குறைவாக இருக்கும்வரை இந்தப் பொய் வெளியே தெரியாது. கண்மட்டம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

ஒரே ஒரு ஜன்னல், முழு அளவில்

கணக்கு மிக எளிது. சுவருக்குப் பின்னால் இருப்பதாகக் காட்டும் எந்தப் புள்ளிக்கும், ஆணியிலிருந்து அதன் உயரத்தையும் பக்கத் தூரத்தையும் ஒரே எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண்: நிற்கும் தூரத்தை, நிற்கும் தூரமும் ஆழமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது. தூரம் 10 மீட்டர், ஆழம் 20 செ.மீ. என்றால் 10-ஐ 10.2-ஆல் வகுக்க 0.98.

முதல் மாடி ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடி விளிம்பு தரையிலிருந்து 4.2 மீட்டர், லிண்டல் (ஜன்னலுக்கு மேலே உள்ள குறுக்குக்கட்டை) விளிம்பு 5.7 மீட்டர், அகலம் 1 மீட்டர். இடது விளிம்பு ஆணிக்கு வலப்புறம் 2 மீட்டரில், வலது விளிம்பு 3 மீட்டரில். மரச்சட்டம் 6 செ.மீ. அகலம், 20 செ.மீ. உள்ளே தள்ளி இருக்கிறது.

லிண்டல் கண்மட்டத்துக்கு மேலே 4.1 மீட்டர். அதன் பின்விளிம்பு 4.1-ஐ 0.98-ஆல் பெருக்க 4.02 மீட்டரில் விழும். வித்தியாசம் 8 செ.மீ. ஆக லிண்டலின் அடிப்பக்கத்தை 8 செ.மீ. பட்டையாக வரைய வேண்டும். வலது பக்கச்சுவர் 3 மீட்டரில் தொடங்கி 2.94-ல் முடியும், 6 செ.மீ. பட்டை தெரியும். இடது பக்கச்சுவர் தெரியாது. அது தெரியாததோடு நிற்காமல், தனக்குப் பின்னால் 4 செ.மீ. சட்டத்தையும் மறைக்கும். எனவே இடது மரச்சட்டம் 2 செ.மீ. மட்டுமே தெரியும். அடியில் இன்னும் மோசம்: 5 செ.மீ. மறைந்துவிடுவதால் அடிச்சட்டத்தில் ஒரு செ.மீ.கூட மிஞ்சாது. நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் சட்டம் போட்டால் ஜன்னல் சுவரில் ஒட்டிய ஸ்டிக்கராகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

இனி நிழல். ஒளி இடப்பக்க மேல்மூலையிலிருந்து 45 பாகையில் வருவதாக வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம்: எவ்வளவு ஆழமோ அவ்வளவு நிழல் கீழும் வலமும் விழும். நம் ஜன்னலில் லிண்டலின் நிழல் சட்டத்தின்மேல் 20 செ.மீ. இறங்கும். அடிப்பக்கப் பட்டை 8 செ.மீ.யையும் சேர்த்தால், லிண்டல் விளிம்பிலிருந்து 28 செ.மீ. வரை இருள். இடது விளிம்பிலிருந்து 16 செ.மீ. வரை இடப்பக்க நிழல். வலது பக்கச்சுவர் ஒளியைப் பார்த்திருப்பதால் அதுதான் முழு ஜன்னலிலும் பிரகாசமான பட்டை. ஆனால் அதன் தலையில் லிண்டலின் நிழல் சாய்கோடாக இறங்கும்: வெளி மேல்மூலையில் தொடங்கி, உள்விளிம்பில் 28 செ.மீ. கீழே முடியும். இந்த ஒரு சாய்கோட்டைப் போட்டவுடன் சுவர் குழிந்துவிடும். இதை விட்டுவிடாதீர்கள்.

கண்ணாடியை நீலமாகத் தீட்டாதீர்கள். பகலில் வெளியே நின்று பார்த்தால் ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் கருமையாகத்தான் இருக்கும். உள்ளே வெளிச்சம் குறைவு. மேல்பகுதியில் வானத்தின் வெளிறிய பிரதிபலிப்பு, கீழே எதிர்க்கட்டடத்தின் மங்கலான உருவம், அதற்குப் பின்னால் திரைச்சீலையின் ஓரம். கண்ணாடித் துண்டுகள் ஒன்றுக்கொன்று சற்றே வேறு சாய்வில் இருப்பதால் ஒவ்வொன்றிலும் பிரதிபலிப்பு கொஞ்சம் மாறட்டும். லிண்டலின் நிழல் மரச்சட்டத்தில் அழுத்தமாக விழும், தெளிந்த கண்ணாடியில் விழாது. பின்னால் உள்ள திரையில் மங்கலாகத் தெரியலாம். கண்ணாடியின் குறுக்கே கறுப்புப் பட்டையாக நிழலை இழுத்தால் கண்ணாடி பலகையாகிவிடும்.

சுவரிலிருந்து வெளியே நீளும் கார்னிஸ், பால்கனி போன்றவற்றுக்கு வகுக்கும் எண்ணில் ஆழத்தைக் கூட்டாமல் கழிக்க வேண்டும். 12 மீட்டரில் நிற்பவருக்கு, கண்மட்டத்துக்கு மேல் 9 மீட்டரில் 30 செ.மீ. நீளும் கார்னிஸின் விளிம்பு 9.23 மீட்டரில் தெரியும், அதாவது 23 செ.மீ. மேலே. உண்மையில் சுவரின் உச்சிக்கு அந்த இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். வானத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய விளிம்பைச் சுவருக்குள் அடக்க முடியாது.

நிழலின் நிறமும் விளிம்பும்

ஒளியின் திசையைத் தேர்ந்தெடுக்குமுன் சுவரில் நிஜமாகவே விழும் நிழல்களைக் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் படமெடுங்கள். குழாய், கூரை விளிம்பு, மின்பெட்டி, பக்கத்து மரம் எல்லாம் நிழல் போடும். அதிக ஆட்கள் பார்க்கும் வேளையில் ஒளி வலமிருந்து வந்தால், நீங்களும் வலமிருந்தே வையுங்கள். இடமிருந்துதான் வைக்க வேண்டும் என்பது வரைபட மேசையின் பழக்கம் மட்டுமே. வெயில் நேராக விழாத சுவர் இந்த வேலைக்கு மிக ஏற்றது. முரண்படும் நிஜ நிழல் இருக்காது, நிறமும் நீண்டநாள் நிற்கும்.

நிழலுக்குக் கறுப்பு சேர்க்காதீர்கள். சுவரின் நிறத்தையே அடிப்படையாக எடுத்து, அதில் அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பும் கலந்து இறக்குங்கள். வெயில்பட்ட பகுதி மஞ்சள் சாய்ந்தும், வானத்தின் ஒளி மட்டும் படும் நிழல் நீலம் சாய்ந்தும் இருக்கும். லிண்டலின் அடிப்பக்கத்தில் கீழிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் பட்டு, அது விழுந்த நிழலைவிடச் சற்று வெளிறியும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். இந்த இரண்டையும் ஒரே நிறத்தில் அடித்தால் குழிவு மறைந்து வெறும் கறையாகிவிடும்.

எவ்வளவு அழுத்தம்? உச்சிவெயிலின் நிழல் அழுத்தத்தை அப்படியே வைத்தால் மேகமூட்டமான நாளில் ஓவியம் மட்டும் வெயிலில் நிற்கும், பொய் வெளிச்சமாகும். மெல்லிய மேகத்தினூடே வரும் வெயிலின் அழுத்தத்தைக் குறிவைப்பதே பாதுகாப்பு. அதே கட்டடத்தின் நிஜ ஜன்னல் குழிவு ஒன்றின் நிழலைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்து, உங்கள் நிறப்பலகையையும் அதன் பக்கத்தில் பிடித்துப் படமெடுத்து ஒப்பிடுங்கள்.

விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நிழல் என்றாலே ஓரத்தைத் தேய்த்து மங்கலாக்கும் பழக்கம் இருக்கிறது. வானத்தில் சூரியன் ஏறத்தாழ அரைப் பாகை அகலம் மட்டுமே. அதனால் நிழல் போடும் பொருளுக்கும் சுவருக்கும் நடுவே 1 மீட்டர் இருந்தால்கூட மங்கல் சுமார் 1 செ.மீ.தான். 20 செ.மீ. குழிவில் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. வெயில் நிழல் என்றால் கத்திபோல விளிம்பு வேண்டும். ஒரு மீட்டருக்கு மேல் நீளும் பால்கனி, மரக்கிளை போன்றவற்றுக்கே விளிம்பை இளக்க வேண்டும். ஸ்ப்ரே கன்னால் எல்லா நிழலையும் புகைபோல ஊதிய சுவர் ஒருபோதும் நிஜமாகத் தெரியாது.

சுவரைத் தயார்செய்தல்

ஓவியம் உரிந்து விழுவது பெரும்பாலும் பெயின்டின் குற்றமல்ல, ஈரத்தின் வேலை. 45 செ.மீ. சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர் கோத்தால் சுவர் ஈரமாக இருக்கிறது. மேல் கைப்பிடிச் சுவரின் விரிசல், ஒழுகும் மழைநீர்க் குழாய், தரையிலிருந்து ஏறும் ஈரம் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் தூரிகையைத் தொடாதீர்கள். புதிய சிமென்ட் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் கொடுங்கள். புதுப்பூச்சின் காரம் நிறத்தைக் கெடுக்கும். பிரஷ்யன் நீலம்போன்ற சில நிறமிகள் காரத்தில் அழிந்தேவிடும். அதனால் காரம் தாங்கும் பிரைமர் கட்டாயம்.

வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி எடுக்க வேண்டும். பாசிக்கு, வீட்டு உபயோக பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்து நன்றாக அலசுங்கள். பிளீச்சோடு அமிலம் எதையும் கலக்காதீர்கள், நச்சுவாயு வரும். உள்ளங்கையால் பழைய பெயின்டைத் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவாக ஒட்டினால் அதன்மேல் எது அடித்தாலும் சேர்ந்து உரியும்; சுரண்டிக் கழுவி, ஊடுருவும் பிரைமர் அடிக்க வேண்டும்.

விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் குறியிட்டுச் சில வாரம் அளவு பாருங்கள். அசையாத விரிசலை ஆங்கில வி வடிவில் வெட்டித் திறந்து, வெளிச்சுவருக்கான அக்ரிலிக் பட்டி நிரப்பி, உப்புத்தாள் போட்டால் போதும். அசையும் விரிசல் எதை நிரப்பினாலும் திரும்ப வரும். அதனால் வரைபடத்திலேயே அந்தக் கோட்டைக் கற்களுக்கு நடுவிலான இணைப்பாகவோ தூணின் ஓரமாகவோ வைத்துவிடுங்கள். நிழலுக்குள் விழும் விரிசலை யாரும் பார்ப்பதில்லை.

பெயின்ட்

தூய அக்ரிலிக், வெளிச்சுவர் தரம், பளபளப்பு இல்லாத மேட். பளபளப்பு இருந்தால் வானத்தின் ஒளி சுவர் முழுக்க ஒரே தாளாக மின்னி, ஆழம் அத்தனையும் போய்விடும். இதுவரை எந்தப் பெயின்டும் படாத சிமென்ட் அல்லது சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் பொட்டாசியம் சிலிகேட் பெயின்ட் இன்னும் சிறப்பு. 1878-ல் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் காப்புரிமை பெற்ற முறை இது. பூச்சோடு வேதியல் முறையில் பிணைவதால் உரிவதில்லை, முழு மேட். பழைய அக்ரிலிக்கின்மேல் அடித்தால் அந்தப் பிணைப்பு நடக்காது.

நிறமிகளில் இரும்பு ஆக்சைடு மஞ்சள், சிவப்பு, பழுப்பு, டைட்டானியம் வெள்ளை, தாலோ நீலம், தாலோ பச்சை, அல்ட்ராமரைன் ஆகியவற்றால் கட்டடம் சார்ந்த எதையும் தீட்டிவிடலாம். பளிச்சென்ற மலிவான மஞ்சளும் ரோஜா நிறமும்தான் வெளிச்சுவரில் முதலில் வெளுக்கும், அதுவும் வெள்ளை கலந்திருந்தால் இன்னும் வேகமாக. டப்பாவில் நிறமியின் பெயர் இல்லாத பெயின்டை முக்கியமான இடத்துக்கு எடுக்காதீர்கள்.

60 சதுர மீட்டர் சுவருக்கு, லிட்டருக்கு 8 முதல் 9 சதுர மீட்டர் என்று வைத்தால்: பிரைமர் 8 லிட்டர், அடிநிறம் இரண்டு பூச்சுக்கு 15 லிட்டர், வெள்ளை தனியாக 4 லிட்டர், மற்ற எட்டு பத்து நிறங்கள் ஒவ்வொரு லிட்டர், நிழலுக்கான நிறமற்ற அக்ரிலிக் மீடியம் 4, 5 லிட்டர். சொரசொரப்பான பூச்சானால் அடிநிறத்தையும் பிரைமரையும் ஒன்றரை மடங்காக்குங்கள். அடிநிறம், நிழல்நிறம், அடர்நிழல், ஒளிப்பட்டை, எதிரொளி என்ற ஐந்தையும் முன்னதாகவே முழு அளவில் கலந்து, மூடிபோட்ட வாளிகளில் பெயர் எழுதி வைக்க வேண்டும். சாரத்தின்மேல் நின்று நாலாம் நாள் மறுபடி கலந்த நிறம் முதல் நாளோடு சேராது.

நிழலை ஒளிபுகும் பூச்சாக அடிப்பது நல்லது: பெயின்ட் ஒரு பங்கு, மீடியம் நாலைந்து பங்கு. கல்வரிசையின் கோடுகள் நிழலுக்குள்ளும் தொடர்ந்து தெரியும். தண்ணீரை மட்டும் ஊற்றி நீர்க்கச் செய்தால் பசை குறைந்து, சில பருவங்களிலேயே மாவாக உதிரும்.

சுவருக்கு மாற்றுதல்

வரைபடத்தை இருபதில் ஒரு பங்கு அளவில் போடுங்கள். தாளில் 5 செ.மீ. சுவரில் 1 மீட்டர். சுவரில் ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்து 1 மீட்டர் கட்டம் நூல் அடியுங்கள். நீலச் சுண்ணப்பொடி நூலே போதும். சிவப்புப் பொடியின் கறை வெளிர்நிறத்தின் அடியிலிருந்து எட்டிப்பார்க்கும். பென்சில் கோடும் அப்படியே.

பழைய கட்டடங்கள் நேராக நிற்பதில்லை. நிஜ ஜன்னலின் ஓரம் தூக்குக்குண்டிலிருந்து 2 செ.மீ. விலகியிருந்தால், பக்கத்தில் தீட்டும் ஜன்னலும் அதே அளவு விலகட்டும். இங்கே கருவி சொல்வதைவிடக் கட்டடம் சொல்வதே சரி.

திரும்பத் திரும்ப வரும் தூண்தலை, பூவேலை போன்றவற்றுக்கு முழு அளவுத் தாளில் வரைந்து, கோட்டின்மேல் 5 மில்லிமீட்டருக்கு ஒரு துளையிட்டு, கரித்தூள் முடிந்த துணிப்பொட்டலத்தால் தட்டினால் புள்ளிக்கோடு சுவரில் பதியும். தாளின் பின்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் துளைகள் அடைபடாது. புரொஜெக்டரை இரவில் பயன்படுத்தலாம். ஆனால் அதைச் சுவருக்கு நேர் செங்குத்தாக வைக்க முடியாதபோது படம் ஒருபக்கம் விரியும், சாரமும் குறுக்கே நிழல் போடும். உருவங்களுக்கு மட்டும் அதை நம்புங்கள், நேர்க்கோடுகளுக்கு நூல்தான்.

சாரத்தில்

மேலிருந்து கீழாக வேலை இறங்கட்டும், சொட்டும் பெயின்ட் முடிந்த இடத்தைக் கெடுக்காது. சுவரைத் தொட்டால் கை சுடுகிறது என்றால் பெயின்ட் தூரிகையிலேயே காய்ந்து ஒன்றன்மேல் ஒன்று பட்டை பட்டையாகத் தெரியும். நிழல் நகர்வதைத் தொடர்ந்தே நீங்களும் நகருங்கள். சுவரின் வெப்பம் 10 முதல் 35 பாகை செல்சியஸுக்குள் இருப்பதும், அடித்த பிறகு ஒரு நாளாவது மழையில்லாமல் இருப்பதும் அவசியம். பாதுகாப்புப் பட்டை, தலைக்கவசம், மின்கம்பியிலிருந்து விலக்கம் ஆகியவற்றில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

சாரத்தில் நிற்பவருக்கு ஓவியம் தெரியாது என்பதுதான் பெரிய சிக்கல். சுவரிலிருந்து அரை மீட்டரில் நின்று பார்க்கும்போது நிழல்கள் முரட்டுத்தனமாகத் தோன்றும். பயந்து குறைத்துவிடுவார்கள், கீழே வந்தால் ஒன்றுமே இருக்காது. ஒரு ஜன்னலை முழுதாக முடித்து, இறங்கிப் போய்ச் சுண்ணக்குறியில் நின்று பார்த்துத் திருத்தி, அதை மாதிரியாக வைத்து மற்றவற்றைத் தீட்டுங்கள். நல்ல கண்ணுக்கும் 10 மீட்டரில் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த நுணுக்கம் பிரிந்து தெரியாது. மேல்மாடிகளில் 5 செ.மீ. தட்டைத் தூரிகையே பெரும்பாலான வேலையை முடித்துவிடும். மிச்சமாகும் நேரத்தைத் தரையிலிருந்து 2 மீட்டர் உயரம் வரைக்கும் செலவழியுங்கள். ஆட்கள் கிட்டே வந்து தொட்டுப் பார்ப்பது அங்கேதான். கல்லின் சொரசொரப்பு, சட்டத்தின் மரவரி, ஆணித்தலை எல்லாம் அங்கே வேண்டும்.

நிறங்களைத் தீட்டும் வரிசை: அடிநிறம், கல் அல்லது செங்கல் பிரிப்பு, ஜன்னல்களின் கருமை, ஒளிபுகும் நிழல்கள், எதிரொளி, கடைசியாக ஒளிப்பட்டை. ஒளிப்பட்டையைக் கஞ்சத்தனமாக வைக்க வேண்டும். ஒளியைப் பார்த்த விளிம்புகளில் மட்டும், ஒரு செ.மீ. கோடாக. நிஜக் குழாய், மின்பெட்டி இருந்தால் அவற்றின்மேலும் ஓவியத்தைத் தொடராதீர்கள். இரண்டடி நகர்ந்தால் கோடு உடையும். அவற்றைச் சுவரின் அடிநிறத்தில் அடித்துவிட்டு, பக்கத்தில் அதேபோன்ற ஒரு போலிக் குழாயைத் தீட்டிப்பாருங்கள். நிஜக் குழாய் போலிக்குச் சாட்சி சொல்லும்.

சாரம் பிரிக்கும்போது அதன் பிடிமானத் துளைகள் அடைக்கப்பட்டு, அந்தந்த நிறத்தால் மூடப்பட வேண்டும். இதற்காகவே ஒவ்வொரு வாளியிலும் அரை லிட்டர் மிச்சம் வையுங்கள்.

மேல்பூச்சும் பராமரிப்பும்

சுவர் மூச்சுவிட இடம் தரும் மேட் நிறமற்ற பூச்சு இரண்டு முறை போதும். முதலில் மிகக் கருமையான ஒரு மூலையில் அடித்து ஒரு வாரம் பாருங்கள். மேட் பூச்சுகள் கருநிறத்தின்மேல் தடித்து விழுந்தால் பால்போலப் படரும், நிழல்கள் சாம்பல் பூத்துவிடும். கிறுக்கல் பயம் உள்ள தெருவில் தரையிலிருந்து 2.5 மீட்டர் வரை வெந்நீரில் கழன்றுவரும் மெழுகுப் பூச்சு அடிக்கலாம். கிறுக்கினால் மெழுகோடு சேர்த்துக் கழுவிவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம்.

ஆண்டுக்கொருமுறை மென்மையான பிரஷ்ஷும் வெறும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். உயரழுத்தத் தண்ணீர் பூச்சைக் கிளப்பிவிடும். எந்தச் சுவரோவியமும் நிரந்தரமல்ல. லியோன் சுவரையே 1997-லும் 2013-லும் புதுப்பித்தார்கள்; ஓவியத்துக்குள் இருக்கும் மனிதர்களுக்கும் வயதேற்றித் தீட்டினார்கள். உங்கள் சுவருக்கும் அந்த நாள் வரும். நிறமிகளின் பெயர், கலவை விகிதம், ஆணி அடித்த இடத்தின் அளவு, நிற்கும் குறியின் தூரம், ஒளியின் திசை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஐந்து நிறங்களையும் அட்டையில் தடவி, வரைபடத்தோடு கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவையுங்கள். திருத்த வருபவர் பழைய நிறம் வெளுத்த அளவுக்குத் தன் நிறத்தையும் சற்றே வெளிற வைத்துத் தொட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.